தட்டு எண்ணப் படித்த ஆறு சனிக்கிழமைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் அப்படித்தான். அது தெரிந்துதானோ என்னவோ, எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து ஆறு சனிக்கிழமை பொதுக் கொள்கை பற்றி வகுப்பெடுக்கிறார், நீயும் போய் உட்கார். கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டுமே" என்றார். எழுபதுகளின் பிற்பாதி அது. கல்கத்தாவில் அப்போது பல்கலைக்கழகங்களுக்கு இந்த ஆசை பிடித்திருந்தது. புத்தகம் படித்தவர்கள் மட்டும் பாடம் சொன்னால் போதாது, நிஜமாகவே கோப்புகளைத் தள்ளியவர்களும் வந்து சொல்ல வேண்டும் என்று. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அதிகாரி என்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையாட்டுகிறவர் என்பதுதான் என் எண்ணம்.

வந்தவர் ரேஷன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர், அரைக்கைச் சட்டை, பின்னால் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பியூன். அந்தப் பை நிறையக் கோப்புகள். வரும் வழியில் காரில் பார்ப்பார், வகுப்பு முடிந்து போகும் வழியிலும் பார்ப்பார். தன் கையில் எந்தக் காகிதமும் ஒரு நாளுக்கு மேல் தங்காது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. தமிழர் என்பது எனக்கு இரண்டாவது வாரம்தான் தெரிந்தது, லோட் ஷெட்டிங்கில் மின்விசிறி நின்றபோது "அட ராமா" என்று முனகியதிலிருந்து. வகுப்பில் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். நாங்கள் பன்னிரண்டு பேர். மூன்றாவது மாடி அறை, சனிக்கிழமை மதியம், எல்லோருக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம்.

முதல் நாளே அவர் தூக்கத்தைக் கலைத்துவிட்டார். "ஒரு தெருவில் எத்தனை ரேஷன் கார்டுக்கு ஆள் இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். என்ன செய்வாய்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கல்கத்தாவில் அப்போது தலைக்கு ஒரு கார்டு. செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் கார்டுகளிலும் வாராவாரம் சர்க்கரையும் கோதுமையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஒருவன் மாதிரிக் கணக்கெடுப்பு என்றான், ஒருத்தி வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடலாம் என்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பாட்டு நேரத்துக்குப் போ. தட்டை எண்ணு" என்றார்.

நாங்கள் சிரித்தோம்.

"ஆளைக் கேட்டால் பொய் சொல்வான். கார்டைக் கேட்டாலும் பொய் சொல்லும். பசிக்கிற நேரத்தில் போடுகிற தட்டு பொய் சொல்லாது. நான் ஜில்லாவில் இருந்தபோது இப்படித்தான் எண்ணினேன்."

"விருந்தாளி வந்திருந்தால்?" என்றேன் நான், வந்த வேலையைச் செய்யாமல் விடக்கூடாதே என்று.

"மூன்று ஞாயிற்றுக்கிழமை போ. மூன்று வாரமும் அதே விருந்தாளி என்றால் அவன் விருந்தாளி இல்லை, மாப்பிள்ளை."

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். இரண்டு வருஷமாகப் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு சோற்றுத் தட்டு வந்ததில்லை. எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது.

அவருடைய மற்ற விதிகளும் கறாரானவை. கட்டுரை என்ற பேச்சே கூடாது, அலுவலகக் குறிப்புதான். ஒரே பக்கம், பாதி மார்ஜின் விட்டு. கடைசியில் ஒரே ஒரு பரிந்துரை. ஆதாரம் தனியாகப் பின்னிணைப்பில், பெயர் விலாசத்தோடு. எல்லாவற்றையும் நிஜக் கோப்பு மாதிரியே பழுப்பு அட்டைக்குள் வைத்து நூல் கட்டிக் கொடுக்க வேண்டும். "ஆதாரம் இல்லாத குறிப்பு குப்பைக்கு" என்பார். "பெண்டிங் என்று எழுதுகிறவன் அதிகாரியே இல்லை, ஒன்று செய் என்று எழுது, இல்லை வேண்டாம் என்று எழுது" என்பார். நான் அதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.

எங்கள் வீடு டாக்குரியாவில், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலியிலிருந்து அம்மாவைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்தபோது பிடித்த வீடு. நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தச் சந்துதான். அதனால் எனக்கு எல்லா வீட்டுச் சமையலறை வாசலும் திறந்திருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு, தயிர் கேட்கிற மாதிரியும் பத்திரிகை கேட்கிற மாதிரியும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கதவைப் பிடித்துக்கொண்டு பேசுவேன், கண் தட்டுகளை எண்ணும். கார்டு எத்தனை என்பதை ரேஷன் கடைக்காரரின் பதிவேட்டைப் பார்த்து முன்பே எழுதி வைத்திருந்தேன். எனக்குப் பெரிய துப்பறிகிறவள் என்று நினைப்பு.

பக்கத்து வீடு மாஷிமாவுடையது. அம்மாவின் வயதொத்த வங்காளி அம்மா, நாங்கள் எல்லோரும் சித்தி முறை வைத்து மாஷிமா என்றே கூப்பிடுவோம். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரை மேஷோமஷாய் என்போம். ஒரே மகன். நக்சல் போராட்டத்தில் ஊர் கொந்தளித்துக் கிடந்த அந்த வருஷங்களில், காலேஜ் படிக்கிற பிள்ளைகள் வெளியே போனால் திரும்புவார்களா என்று தெரியாத வருஷங்களில், ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் வரவில்லை. உடல் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை, கண்டேன் என்றும் யாரும் சொல்லவில்லை. நான் கணக்கெடுக்கப் போனபோது அவன் போய் ஆறு வருஷம்.

அந்த வீட்டில் மூன்று கார்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் பார்த்தது இதுதான்: தரையில் மாஷிமாவும் மேஷோமஷாயும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்தில், சுவரோரமாக, சோறு போட்டு இன்னொரு தட்டால் மூடி வைத்த ஒரு தட்டு. நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறவருக்கு அப்படித்தான் அந்த ஊரில் மூடி வைப்பார்கள். அது யாருக்கு என்று சந்துக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினேன்: கார்டு மூன்று, சாப்பிடுகிறவர் இருவர். பக்கத்து வீடு என்றுகூடப் பார்க்காமல் எழுதினோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாலாவது சனிக்கிழமை அவர் என் குறிப்பை வகுப்பில் வாசித்தார். "இதுதான் குறிப்பு. இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பழுப்பு அட்டைக்குள் வைத்து நூலைக் கட்டி, அட்டையின் மேல் என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பைக்குள் வைத்தார். பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமையும் முடிந்து, அடுத்த புதன்கிழமை சாயங்காலம், நான் மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கியபோது மாஷிமா எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு அச்சடித்த தாள்.

"வா மா. நீ படிச்சவ. இதுல என்ன எழுதறதுன்னு சொல்லு" என்றார் வங்காளியில்.

வாங்கிப் பார்த்தேன். ரேஷன் அலுவலகப் படிவம். கார்டு ரத்து செய்யக் காரணம் என்று போட்டு இரண்டு கட்டம். மரணம், இடமாற்றம். கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"இன்ஸ்பெக்டர் நல்ல பையன்தான். சத்தமெல்லாம் போடல. ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணுங்கன்னான். முதல்ல இருக்கறத நான் பண்ண மாட்டேன். எங்க வீட்டுக்காரர் பேனாவ எடுத்தார், நான் பிடுங்கிட்டேன். ரெண்டாவது பண்ணிட்டேன், பாரு. ஆனா அதுக்குக் கீழ புது விலாசம்னு கேட்டிருக்கு." தாளின் அந்த இடத்தை விரலால் தொட்டார். "என்ன விலாசம் மா எழுதறது?"

"எங்கிட்ட இருக்கட்டும் மாஷிமா, நான் கேட்டுச் சொல்றேன்" என்று உளறினேன். அவர் தாளை என் கையில் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்விட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நோட்டும் கையுமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம தெருவ அளந்துட்டு வந்தியே. அதுதானா இது?"

"அது படிப்புக்கு எழுதினதும்மா. வகுப்புக்குள்ள இருக்க வேண்டியது. எப்படி வெளிய போச்சுன்னு தெரியல."

"பேரு விலாசம் எல்லாம் எழுதிக் குடுத்திருக்க. அதுக்குக் காலு மொளைக்காதா?" அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, நம்ம வீட்டுல எத்தன தட்டுன்னு எழுதுன?"

இதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அண்ணன் பம்பாய்க்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம். அவன் கார்டு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. அந்தச் சர்க்கரையில்தான் அம்மா காலையும் மாலையும் காபி போட்டாள்.

"நம்ம வீட்ட எழுதலம்மா."

"எழுதலையா?"

"கணக்கெடுக்கிறவ வீட்ட யாரும்மா எழுதுவா?"

"அப்ப ஊருக் கூரையெல்லாம் ஓட்ட, நம்ம கூர மட்டும் ஒழுகாது. என்ன?" என்றாள் அம்மா. "பக்கத்து வீட்டுப் பிள்ளைய நான் இடுப்புல தூக்கியிருக்கேன். நீ பொறக்குறதுக்கு முன்னாடி. போயி என்ன செய்யணுமோ செய்யி. செஞ்சிட்டு வந்து எங்கிட்டப் பேசு."

மறுநாள் காலையில் பஸ் ஏறி டல்ஹௌசிப் பக்கம் அவர் அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம், முழுக்க அவர் மேல். என் மேல் பட வேண்டியதையும் அவர் மேலேயே திருப்பிவிட்டிருந்தேன். சீட்டு அனுப்பி, முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, பிறகுதான் கூப்பிட்டார்கள்.

"என்னம்மா, இவ்வளவு தூரம்?" என்றார் தமிழில்.

படிவத்தை அவர் மேஜை மேல் வைத்தேன். வைத்தேன் என்ன, போட்டேன். "என் குறிப்ப என்ன சார் பண்ணீங்க?"

படித்தார். மணியடித்து யாரையோ கூப்பிட்டு ஒரு எண்ணைச் சொன்னார். கோப்பு வந்தது. என் பழுப்பு அட்டைதான், ஆனால் மேலே இப்போது முத்திரையும் எண்ணும் தேதியும். அதற்கு நடுவில் அவர் கையெழுத்தில் ஒரே வரி, இங்கிலீஷில். தேவையான நடவடிக்கைக்கு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உன்னோடது மத்த ஃபைலோட ஃபைலா கார்ல இருந்திருக்கு" என்றார் கடைசியில். "முப்பது வருஷமா பேனாவத் திறந்தா என் கை இதத்தாம்மா எழுதுது. வகுப்புன்னு அதுக்குத் தெரியல." பின்னிணைப்பைப் புரட்டினார். "பேரு, விலாசம் எல்லாம் எதுக்கு வச்சே?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. ஆதாரம் இல்லாத குறிப்பு குப்பைக்குன்னு. அதக் குப்பையிலயே போட்டிருக்கலாம். பெத்த பிள்ளைக்கு விலாசம் எழுதுன்னு ஒரு அம்மாவ உக்கார வச்சிருக்கோம் சார், நீங்களும் நானும்." குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் கடைசியில் அழுகையில்தான் முடியும். அதுவே எனக்கு இன்னொரு கோபம்.

பியூன் எட்டிப் பார்த்தார். இவர் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, நான் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஷிமாவின் மகனைப் பற்றிச் சொன்னேன்.

"கிழிச்சுப் போட்டுடுங்க சார்" என்றேன்.

"நம்பர் விழுந்தாச்சு. நம்பர் விழுந்த காகிதத்த இந்த ஆபீஸ்ல யாரும் கிழிக்க முடியாது. அதுக்கு மேல இன்னொரு காகிதம் வைக்கலாம். அவ்வளவுதான் முடியும்." என் குறிப்பைத் தன் பக்கம் திருப்பினார். "அந்த வீட்டுல எத்தன தட்டு?"

"ரெண்டு பேர் சார்."

"ஆளக் கேக்கல. தட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மூணு. ஒண்ணு மூடி வச்சது."

"சோறோட?"

"சோறோட."

"மூணு வாரமும்?"

"மூணு வாரமும்."

"நான் என்ன எண்ணச் சொன்னேன்? நீ என்ன எண்ணியிருக்கே?" அவர் குரலில் கண்டிப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. "உன் கணக்கு தப்புன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பொய் எழுதாதே. திரும்பப் போய்ப் பாரு, பாத்தத எழுது. அந்தப் படிவத்துல யார் சாப்பிடறாங்கன்னு கேக்கறதுக்குக் கட்டமே கிடையாது. நீ கொண்டு வந்தா, அதுக்கு மேல நான் பெண்டிங்னு எழுதி வைப்பேன், கார்டு ரத்தாகாது."

"பெண்டிங்னு எழுதறவன் அதிகாரியே இல்லன்னு…"

"சொன்னேன். அத உன் நோட்ல அடிச்சுடு." பிறகு பின்னிணைப்பில் விரலை ஓட்டியவர் நிறுத்தினார். "பதினாலாம் நம்பருக்கு அப்புறம் பதினாறு வருது. பதினஞ்சு யார் வீடு?"

"எங்க வீடு சார்."

அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். "அதையும் சேர்த்து எழுது" என்றார்.

அன்றைக்கு மதியமே அண்ணன் கார்டைத் திருப்பிக் கொடுக்க விண்ணப்பம் எழுதி அம்மாவிடம் நீட்டினேன். பெட்டியைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலக் காபி கசந்தது. குடித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் யோசித்ததைச் சொல்ல வேண்டும். அனுபவசாலிகள் வந்து பாடம் நடத்துவதில் என்ன இருக்கிறது என்று நான் கேலி பேசியவள். இருக்கிறது. ஒரு காகிதம் கையை விட்டுப் போனால் எங்கெங்கே போகும், யார் வீட்டுக் கதவைத் தட்டும், அதை எங்கே நிறுத்தலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் கையே பழகிப் பழகி, தானாக எழுதவும் கற்றுக்கொண்டுவிடுகிறது. எனக்கு ஒரு சாக்கும் கிடையாது. எனக்குப் பழக்கமில்லை, வெறும் கர்வம். வாசலில் நின்றபோது என் கண் மூன்றாவது தட்டைப் பார்த்தது, எழுதும்போது அதை வேண்டாம் என்றேன்.

ஆறாவது சனிக்கிழமை கடைசி வகுப்பு. அவர் வந்ததும் மற்ற பதினொரு பேரின் பின்னிணைப்புகளையும் வாங்கி, பெயர் விலாசம் இருந்த தாள்களை உருவி அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. "நான் யோசிக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

மறுநாள் ஞாயிறு. ஒன்றரை மணிக்கு நோட்டுப் புத்தகத்தை ஒளிக்காமல் கையில் வைத்துக்கொண்டே மாஷிமா வீட்டுக்குப் போனேன். மேஷோமஷாய் சாப்பிட ஆரம்பித்திருந்தார். மாஷிமா தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். சுவரோரம் மூடின தட்டு.

"வா, உக்காரு. சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

எனக்கு அந்த நிமிஷத்தில் ஒரு குறுக்குப் புத்தி தோன்றியது. அந்தத் தட்டில் நானே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், மூன்று தட்டு, மூன்று பேர், எந்த இன்ஸ்பெக்டர் கேட்டாலும் பிசகில்லாத கணக்கு. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து மூடியின் மேல் கையை வைத்தேன்.

மாஷிமா சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார். "அது இல்ல மா. அது அவனோடது."

உள்ளே போய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டைக் கழுவிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். சோறும் பருப்பும் போட்டார். நான் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மாஷிமா, அந்த லிஸ்ட் எழுதிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்."

மேஷோமஷாய் நிமிரவில்லை. மாஷிமா பருப்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

"மூணு வாரமா அந்தக் கதவப் பிடிச்சுட்டு நின்னே. உன் விரல் எண்ணிச்சு, நான் பாத்துட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டோட நின்னுடுச்சு."

"அப்புறம் ஏன் எங்கிட்டயே வந்தீங்க?"

"இன்னொரு தடவ எண்ணுவேன்னுதான்."

நோட்டைத் திறந்தேன். கண்ணீர் மறைத்ததில் எழுத்து கோணிக்கொண்டு போனது. வீட்டு எண், கிழமை, நேரம். வந்தவளின் தட்டு நீங்கலாக, தட்டு மூன்று. கீழே என் கையெழுத்து.

"என்ன எழுதினே? படி" என்றார் மாஷிமா.

வங்காளியில் படித்துக் காட்டினேன். அவர் மூடின தட்டை ஒரு பார்வை பார்த்தார், சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"சரி. சோறு ஆறுது, சாப்பிடு" என்றார்.